லும்பியா: மாவுத்தாள் முதல் எண்ணெய்ச் சட்டி வரை

லும்பியா, பிலிப்பைன்ஸ் வீடுகளில் பிறந்தநாளானாலும் ஊர்த் திருவிழாவானாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நள்ளிரவு விருந்தானாலும் இல்லாமல் போகாத பலகாரம். மெல்லிய கோதுமைத் தாளில் கொத்துக்கறியையோ காய்கறியையோ வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். சொல்லும்போது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வேலையின் சூட்சுமம் முழுவதும் தண்ணீரில் இருக்கிறது. தாள் காயக் கூடாது, பூரணம் நனையக் கூடாது, ஒட்டும் இடத்தில் மட்டும் ஈரம் வேண்டும், எண்ணெயில் ஒரு சொட்டுக்கூட ஆகாது. கிழிந்த, வெடித்த, நமுத்துப்போன லும்பியா ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்று தவறியதால் வந்ததுதான்.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியென் வணிகர்களும் தொழிலாளர்களும் இதைத் தீவுகளுக்குக் கொண்டுவந்தனர். ஸ்பானிய ஆட்சி 1580களில் மணிலாவின் சீனர்களைப் பரியான் என்ற தனிக் குடியிருப்பில் வைத்தது. 1594இல் மதம் மாறிய சீனர்களுக்காகப் பினோண்டோ உருவானது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் நன்கறிந்த பாப்பியாவும், இந்தோனேசியாவில் செமாராங் நகரத்து மூங்கில் குருத்து லும்பியாவும் இதே குடும்பத்தின் கிளைகள். பிலிப்பைன்ஸ் உணவு வரலாற்றாளர் டொரீன் ஃபெர்னாண்டஸ், சீன உணவுகள் தெருவோரமாகவும் சந்தை வழியாகவும் சாமானியர் வாழ்வில் கலந்தன என்றும், ஸ்பானிய உணவுகள் விருந்து மேசையில் போய் அமர்ந்தன என்றும் காட்டியிருக்கிறார். லும்பியா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இன்று கல்யாணப் பந்தியிலும் தெருவோரத் தட்டிலும் அதற்கு ஒரே மரியாதை.

வகைகள் ஏராளம். விருந்துக்கு உரியது லும்பியாங் ஷாங்காய்: விரல் பருமனில், பன்றிக் கொத்துக்கறி வைத்தது. பெயரைத் தவிர ஷாங்காய் நகரத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்றாடத்துக்கு உரியது லும்பியாங் குலாய் என்ற காய்கறி உருளை. இதிலேயே முளைகட்டிய பயறு மிகுந்தால் லும்பியாங் தோகே. பொரிக்காத வகையில் நீக்ரோஸ் தீவின் சிலாய் நகரம் பேர்போனது. அங்கே பூரணம் தென்னங்குருத்து. கரும்புப் பண்ணை முதலாளிகளின் மாளிகைகளுக்குக் கூடை சுமந்து பலகாரம் விற்ற பெண்களுக்கு மானுக்லிபோட் என்று பெயர். அந்தக் கூடைகளில்தான் சிலாய் லும்பியா புகழ் பெற்றது. குருத்தை எடுத்தால் மரம் போய்விடும். தென்னையை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1995இல் சட்டமே வந்தது. அதனால் குருத்து லும்பியா எப்போதும் சற்று விலை கூடியது.

தாளில்தான் உண்மையான கைத்தொழில் இருக்கிறது. பலென்கே எனப்படும் சந்தைகளில் தாள் சுடுபவர்களின் வேலையைப் பார்த்தால் இது விளங்கும். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், வேறொன்றும் கிடையாது. சப்பாத்தி மாவைவிட மிகவும் தளர்வாக, வழியும் நிலைக்குச் சற்று முன்னால் நிற்கும்படி பிசைந்து, அடித்து, பல மணி நேரம் ஊறவிடுகிறார்கள். ஊறும்போது மாவின் பசையம் இழுவை பெறுகிறது. அது இல்லாவிட்டால் அடுத்த காரியம் நடக்காது. சுடுபவர் கையளவு மாவை உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறார். மணிக்கட்டு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்; நின்றால் மாவு விரலிடுக்கில் வழிந்துவிடும். மிதமாகக் காய்ந்த தட்டை இரும்புக் கல்லில் மாவுருண்டையை ஒரு சுற்று அழுத்தித் தேய்த்துவிட்டு வெடுக்கென்று மேலே இழுக்கிறார். மாவெல்லாம் கையோடு திரும்பிவிட, கல்லில் தங்குவது வட்டமான ஒரு படலம் மட்டுமே. எங்காவது திட்டாக நின்றால் அதே உருண்டையால் ஒற்றி எடுத்துவிடுகிறார். வெள்ளை நிறம் மங்கி, விளிம்பு தானாகக் கிளம்பும்போது நகத்தால் தூக்கி உரிக்கிறார். திருப்பிப் போடுவதில்லை. அடுத்த கல், அடுத்த வட்டம். பக்கத்தில் அடுக்கிய தாள்களை அவற்றின் சொந்த ஆவியே மெத்தென்று வைத்திருக்கும்.

இந்த வேலைக்கு அளவுக் கரண்டி உதவாது. கல்லின் சூடு கூடினால் மாவு பட்ட இடத்திலேயே வெந்து உருண்டையோடு பிய்ந்து வரும். குறைந்தால் படலமே தங்காது. அதை விரல்நுனிதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நின்றபடி, அனலுக்கு முகம் கொடுத்துச் செய்யும் வேலை இது. சரக்கோ எண்ணிக்கைக் கணக்கில் சல்லிசாக விற்பது. அரிசிச் சோறு உண்ணும் இந்த நாட்டில் வணிக அளவில் கோதுமை விளைவதில்லை. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. மாவு விலை ஏறும்போது தாள் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது. பக்கத்துக் கடையின் குளிர்பெட்டியில் ஆலைத் தாள் இருக்கிறது.

ஆலைத் தாளுக்குப் பின்னாலும் ஒரு ஹொக்கியென் கதை உண்டு. ஃபூஜியனில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த சாம் கோய், 1977இல் தீ யீ ஜியா என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, கையால் செய்துவந்த பாப்பியாத் தாளை இயந்திரத்துக்கு மாற்றினார். ‘பாப்பியா ராஜா’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. உறைநிலையில், சதுரமாக, ஒரே கனத்தில் வரும் அந்தத் தாளை வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் தேடி வாங்குகிறார்கள். கைத்தாளின் மொறுமொறுப்பில் ஒரு சீரின்மை உண்டு. கொப்புளம் விட்டுப் பொரியும். ஆலைத் தாள் கண்ணாடி போல ஒரே சீராகப் பொரியும். தின்பவர்கள் இரண்டாவதற்குப் பழகிவிட்டார்கள்; கைத்தாள் சுடுபவருக்கு அதுதான் பாதகம்.

வீட்டில் எந்தத் தாளை எடுத்தாலும் முதல் வேலை அதைக் காய விடாமல் காப்பது. உறைந்த கட்டை முழுதாக இளகவிட்டு, ஒவ்வொன்றாக மூலையிலிருந்து பிரித்து, ஈரத்துணி போட்டு மூட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் கிழியும். மூடாமல் வைத்தால் சில நிமிடங்களில் விளிம்பு விறைத்து, சுருட்டும்போது நொறுங்கும். கையால் தேய்க்கும் வித்தை கைவராதவர்கள் நீர்த்த மாவில் கொஞ்சம் சோளமாவு சேர்த்து, ஒட்டாத வாணலியில் தூரிகையால் பூசித் தாள் எடுப்பதும் உண்டு. சுமாராக வரும்.

ஷாங்காய்ப் பூரணத்துக்கு அரைக் கிலோ பன்றிக் கொத்துக்கறிக்கு ஒரு கேரட், ஒரு பெரிய வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு முட்டை, சோயா சாஸ், மிளகுத்தூள், உப்பு. கொழுப்பே இல்லாத கறி வெந்ததும் சக்கையாகிவிடும். நாலில் ஒரு பங்காவது கொழுப்பு வேண்டும். பலர் சிங்காமாஸ் கிழங்கும் சேர்ப்பார்கள். மலேசியாவில் செங்குவாங் என்று விற்பது இதுதான். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த கிழங்கு, சீன உருளைக்குள் போய்ச் சேர்ந்தது.

கேரட்டையும் கிழங்கையும் பொடியாக நறுக்கி, உப்புத் தூவி, துணியில் கட்டிப் பிழிந்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் லும்பியா எண்ணெயில் வெடிக்கும். பிறகு எல்லாவற்றையும் கையால் ஒரே திசையில் பிசைந்துகொண்டே போனால் கறி உதிரித்தன்மை போய்ப் பிசுபிசுப்பாகிறது. வெந்தபின் பூரணம் தாளுக்குள் உதிராமல் நிற்பதற்கு இதுவே காரணம். பச்சைப் பன்றிக்கறியை வாயில் போட்டு உப்புப் பார்க்கக் கூடாது. சிட்டிகை எடுத்துப் பொரித்துப் பார்ப்பார்கள். குலாய் வகையின் வழி வேறு. பயறு முளை, கோஸ், பீன்ஸ், சர்க்கரைவள்ளி, சோயாக் கட்டி ஆகியவற்றை வதக்கி, வடிதட்டில் போட்டு முழுக்க ஆறவிட்ட பிறகே தாளில் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் ஆவியே தாளைக் கரைத்துவிடும்.

கறி குறைந்து கேரட் கூடும் விகிதத்தில் நாட்டு நிலவரம் தெரியும். 2019இல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் பண்ணைகள் அழிந்தன. 2021 பிப்ரவரியில் அரசு மணிலாப் பகுதியில் பன்றிக்கறிக்கு உச்ச விலை வைத்தது: தோள், தொடைக் கறிக்குக் கிலோ 270 பெசோ. கொள்முதல் விலையே கட்டவில்லை என்று கடைக்காரர்கள் பலர் பலகையைக் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்து வெங்காயம். 2022 டிசம்பர் கடைசியில் மணிலாவில் சிவப்பு வெங்காயம் கிலோ 700 பெசோ வரை போனது. அந்நகரின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி அப்போது 570 பெசோ. கறியைவிட வெங்காயம் விலை உயர்ந்த அந்த வாரங்களில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய விமானப் பணியாளர்கள் பெட்டியில் வெங்காயம் கொண்டுவந்து சுங்கத்தில் சிக்கினார்கள். நுவேவா எசிஹா மாகாணத்தின் பொங்காபொன் பகுதி நாட்டின் வெங்காயக் களஞ்சியம். அறுவடையில் சரக்கு குவியும்போது விவசாயிக்கு வேண்டியது கிடங்கு. அவரிடம் இல்லாததும் அதுவே. குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர் வாங்கி அடைத்து, தட்டுப்பாடு வரும்வரை காத்திருக்க முடியும். விளைவித்தவருக்கும் வாங்கி நறுக்குபவருக்கும் அந்த வசதி கிடையாது. பதுக்கலைப் பற்றி விசாரிக்க 2023 ஜூலையில் குடியரசுத் தலைவரே உத்தரவிட்டார். அதற்குள் அந்தக் கிறிஸ்துமஸ் கடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சுருட்டுவது கூட்டு வேலை. மேசையைச் சுற்றிப் பாட்டி, அம்மா, பிள்ளைகள், வந்த விருந்தாளி எல்லோரும் உட்கார, ஒருவர் தாள் பிரித்துக் கொடுக்க, மற்றவர் சுருட்டுவார்கள். குலாய்க்குத் தாளின் ஒரு மூலை தன்னைப் பார்த்திருக்க வைத்து, பூரணத்தை மூடி, இரு பக்க மூலைகளையும் உள்ளே மடித்து உருட்டுவது வழக்கம். ஷாங்காய்க்குப் பக்கங்களை மடிப்பதில்லை. விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு கோடு பூரணம் வைத்து, காற்று புகாமல் இறுக்கி உருட்டி, கடைசி விரற்கடையில் தண்ணீரோ முட்டை வெள்ளையோ மைதாப் பசையோ தடவி ஒட்டி, இரண்டு மூன்று துண்டாக வெட்டிவிடுவார்கள். முனை திறந்திருப்பது குறையல்ல. உள்ளே கிளம்பும் ஆவிக்கு அது வாசல். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால்தான் எண்ணெய் புகும். பருமன் விரலளவைத் தாண்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: பூரணம் பச்சைக்கறி, தாள் சிவப்பதற்குள் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் எட்டிவிட வேண்டும்.

நூற்றுக்கணக்கில் சுருட்டி ஒரே அடுக்காகப் பரப்பி உறையவைப்பது வழக்கம். 2020 ஊரடங்கில் வேலையிழந்த குடும்பங்கள் பல, இப்படி உறைந்த லும்பியாவை அக்கம்பக்கத்துக்கு விற்றுக் காலம் தள்ளின. உறைந்ததை இளகவிடாமல் நேரே எண்ணெயில் போட வேண்டும். இளகினால் வடியும் நீரில் தாள் ஊறிவிடும்.

பிலிப்பைன்ஸில் பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய் சாதாரணம். 170 டிகிரி அளவில், ஒரு கிள்ளு தாளைப் போட்டதும் நுரைத்து மேலே வரும் பதத்தில், நெருக்காமல் போடுவார்கள். நெருக்கினால் சூடு இறங்கி, லும்பியா எண்ணெய் குடிக்கும். நுரை அடங்கி, பொன்னிறம் வந்து, ஜல்லிக்கரண்டியில் உரசினால் கலகலவென்று சத்தம் கேட்கும்போது எடுத்து, வடிதட்டில் நிமிர்த்தி நிறுத்தினால் முனை வழியாக எண்ணெய் இறங்கிவிடும். படுக்கப்போட்டு மூடி வைப்பவர்கள் பத்து நிமிடத்தில் நமுத்த லும்பியா தின்பார்கள்.

தொட்டுக்கொள்ள, குலாய்க்குப் பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்ட காடி: கரும்புக் காடி, தென்னங்கள் காடி, நீப்பாப் பனைக் காடி என்று ஊருக்கு ஊர் வேறு. ஷாங்காய்க்குப் புளிப்பும் இனிப்புமான குழம்பு. அதில் வாழைப்பழக் கெச்சப் சேரும். அந்தக் கெச்சப்பை உருவாக்கியவர் உணவு விஞ்ஞானி மரியா ஒரோசா. 1945இல் மணிலாப் போரில் அவர் குண்டு வீச்சில் உயிரிழந்தார்.

மிஞ்சிய தாள் வீணாவதில்லை. நீளப் பச்சைமிளகாயில் பாலாடைக்கட்டி திணித்துச் சுற்றினால் தினமித்தா. சபா வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, நாட்டுச் சர்க்கரையில் புரட்டி, பலாச்சுளை ஒரு கீற்று வைத்துச் சுருட்டினால் தூரோன். தூரோன் வேகும்போது எண்ணெயிலேயே ஒரு கைப்பிடி சர்க்கரை தூவுவார்கள். அது உருகித் தாளின்மேல் படிந்து ஓடாக இறுகும். சூடாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இறுகும்வரை தனித்தனியாகவே வைக்கிறார்கள்.