கொல்லிமலையில் இரண்டு நாள்

சங்க நூல் பயின்ற மாணவர்க்குக் கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியே நினைவுக்கு வருவான். எங்களுக்கும் அவ்வாறே. ஆயினும் சென்ற தை மாதத்தில் நம் கல்லூரி மாணவர் பதின்மரும் ஆசிரியர் ஒருவரும், ஊதியம் வேண்டாது வந்த மருத்துவர் மூவரோடு அம்மலைக்குச் சென்றபோது, காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகள் ஓரியை முற்றிலும் மறக்கச் செய்துவிட்டன. முப்பதாவது வளைவுக்குள் எங்களுள் நால்வருக்கு வாந்தி. வைத்தியஞ் செய்யப் புறப்பட்டவர்களே முதல் நோயாளிகளானதைக் கண்டு வண்டியோட்டி நகைத்தார்.

முன்னாளில் இம்மலைக்குச் சாலையே இல்லை. ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கில மிஷனெரியும் ஈவ்லின் அம்மையாரும் 1913-ஆம் ஆண்டு மணமுடித்து மலையேறி, வாழவந்தி நாட்டில் குடியமர்ந்தனர். ஜெஸ்ஸி கட்டடத் தொழில் பயின்றவர். வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். மிஷனெரிமார்க்கென லண்டனில் நடந்த குறுகிய வைத்தியப் பயிற்சியே அவர் மூலதனம். அதனைக் கொண்டு பல் பிடுங்கினார், புண் கட்டினார், நரம்புச்சிலந்திப் புழுவை வெளியெடுத்தார்.

நரம்புச்சிலந்தியை எங்களுள் எவரும் கண்டதில்லை. எங்கள் தலைமை மருத்துவரே வழியில் விளக்கினார். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்வோரின் கால்புண்ணிலிருந்து புழுக்குஞ்சுகள் நீரிற் கலக்கும். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை உட்கொள்ளும். அந்நீரை வடிகட்டாது பருகியவர் உடலில், ஏறக்குறைய ஓராண்டு கழித்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். வலிந்து இழுத்தால் அறுந்துபோம். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஆகவே அதனை ஒரு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, பொறுமையுடன் வெளிக்கொணர வேண்டும். இந்தியாவில் இந்நோயின் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

“இன்று வந்து நாளை போகும் வைத்தியனால் அப்புழுவை எடுக்க இயலாது” என்று அவர் கூறியதை நாங்கள் அப்போது கருத்திற் கொள்ளவில்லை.

செம்மேட்டில் அரசினர் மருத்துவமனை உண்டு. நாங்கள் சென்ற சிற்றூரோ அதற்கு அப்பால், வண்டி நின்ற இடத்திலிருந்து மருந்துப் பெட்டிகளைத் தலைமேற் சுமந்து நடக்கவேண்டிய தொலைவில் இருந்தது. வழியெல்லாம் பலாவும் மிளகுக்கொடியும். பள்ளிக்கூடத் திண்ணையில் முகாம். பெயர் எழுதுவதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும், மாத்திரை எண்ணித் தருவதும் எங்கள் பணி. முழங்கால் வலி, கழுத்து வலி, சோகை, இருமல் என்று நண்பகலுக்குள் அறுபது பெயர் எழுதினோம். எண்ணிக்கை நூறாகவேண்டும் என்பதே எங்கள் ஆவலாயிருந்தது. அதனை இங்கே மறைப்பதற்கில்லை.

அப்போது ஒரு முதியவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதனுள் நான்கு முகாம்களின் நான்கு சீட்டுகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. ஏன் உண்ணவில்லை என்று வினவினோம்.

“எதை எப்போது தின்பதென்று சொன்னார்கள், தம்பி. நாலு பேரும் நாலு விதமாய்ச் சொன்னார்கள். நீங்களும் ஒரு சீட்டுத் தாருங்கள், இவற்றோடு வைத்துக்கொள்கிறேன்” என்றார். ஏளனமாகக் கூறவில்லை, எங்கள் மனம் நோகக்கூடாதென்றே கூறினார்.

தலைமை மருத்துவர் புதுச்சீட்டு எழுதவில்லை. காலாவதியானவற்றை அகற்றினார். எஞ்சியவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, சூரியன் உதிக்கும் படமொன்றை உறைமேல் வரைந்தார். முதியவரையும் அவர் மருமகளையும் திருப்பித் திருப்பிச் சொல்லச் செய்தார். இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றது. வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர்; நாங்களும் முணுமுணுத்தோம். பொழுது சாய்ந்ததால் தொலைவிலிருந்து வந்த மூன்று ஸ்திரீகள் மருத்துவரைக் காணாமலே திரும்பினர். அவர்களுள் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தவள். மருத்துவர் செய்தது சரியா என்று அன்றிரவு நெடுநேரம் வாதிட்டோம், எங்களுக்குள் ஒருமனப்படவில்லை.

மறுநாட் காலை வாழவந்தியில் கல்லறைகளைக் கண்டோம். ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் அம்மையார், பிறர் ஓய்வு கொள்ளும் வயதில், 1947-க்குப் பின் மீண்டும் இம்மலைகளுக்கு வந்து, மட்டக்குதிரைமேல் ஊர் ஊராய்ச் சென்று ஊழியஞ் செய்தார். 1974-இல், 95-ஆம் வயதில் மரித்து, கணவர் பக்கத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற பால் பிராண்ட் இவர்கள் மகனே. ஆனால் அவ்விடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மகனைப் பற்றியன்று, குச்சியிற் சுற்றிய புழுவைப் பற்றியே.

மாசியில் நால்வர் மட்டும், மருத்துவர் ஒருவரோடு, மறுபடியும் சென்றோம். கைக்குழந்தைக்காரியின் வீட்டைத் தேடிக் கண்டோம், அவள் சாமை குற்றிக்கொண்டிருந்தாள், குழந்தை நலமாயிருந்தது. முதியவர் தம் மஞ்சட் பையை விரித்தார். மாத்திரைகளை எண்ணினோம். ஆறு மிகுந்திருந்தன. அந்த ஆறு நாளும் மேக மூட்டத்தால் சூரியன் தெரியவில்லை என்றார்.