எந்தக் கோயில்?

புடவைக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால், அந்த இலவசப் புடவையின் விலை முதல் புடவையிலேயே ஏறியிருக்கிறது என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் கைப்பேசியில், "உங்களுக்கு ஏற்ற துணை அருகிலேயே இருக்கிறார், பார்ப்பது இலவசம்" என்று வந்தால் மாத்திரம் அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

டேட்டிங் ஆப் என்று சொல்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்காவில் 'டிண்டர்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். படத்தை வலப்பக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது, இடப்பக்கம் தள்ளினால் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளினால்தான் பேச்சுக்கே வழி. 2014-ல் வந்த 'பம்பிள்', முதல் வார்த்தையைப் பெண்தான் பேச வேண்டும் என்று விதி வைத்தது. 2018-ல் அது இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. எல்லாம் இலவசந்தான். உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர் யார் என்று தெரிய வேண்டுமா? முகத்தைக் கலங்கலாகக் காட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். பணம் கட்டாதவர்கள் வயசையும், படத்தையும், இருக்கும் இடத்தையும் கொடுத்துக் கட்டுகிறோம்.

இதைப் பற்றிப் போன வருஷம் நான் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பிறகுதான் கொத்தமங்கலத்தில் இருக்கும் என் பெரியப்பா மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அவள் ஆச்சி முறை. வயது 42. புருஷன் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஒரே பெண், காரைக்குடியில் காலேஜில் படிக்கிறாள். வீடு, முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. அதில் ராத்திரி படுக்கிறவர்கள் மூன்றே பேர்: அப்பத்தா, ஆச்சி, அவள் மகள். மற்றப் பங்குக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்றால் வந்து பூட்டைத் திறப்பார்கள்.

"ஏண்டி, நீ எழுதினியே, அந்த ஆப்பை என் போனிலே போட்டுக் கொடு" என்றாள் ஆச்சி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டு ஐயா தம்பிக்குப் பெண்டாட்டி தவறிப் பதினோரு மாசத்திலே, இதே வளவிலே உட்கார்ந்து மூணு ஜாதகம் பார்த்தாங்க. எல்லோருக்கும் நான்தான் காப்பி ஆத்திக் கொடுத்தேன். எனக்கு ஒரு ஜாதகம் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. தப்புன்னு சொல்லலேடி, தோணவே இல்லை."

விதவைகள் மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததே ஒழியத் தரகர் வரவில்லை.

நகரத்தார் வீடுகளில் வரன் பார்ப்பது சாமானியக் காரியம் அல்ல என்பதை மற்ற வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று 9 கோயில்கள். ஒரே கோயில் என்றால் பொதுவாகப் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்க முடியாது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்கள். ஆனாலும் அண்ணன் தம்பி முறை! 96 ஊர்களாக இருந்தது இன்று 70 சொச்சம் ஊர்களாகிவிட்டது. அதற்குள்தான் தேட வேண்டும். ஆகவே யார் படியேறினாலும், "எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. எனக்கும் இந்தக் கணக்குப்படியே எட்டு வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆயிற்று. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

இந்தக் கணக்கு எதுவும் டேட்டிங் ஆப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தூரம் ஒன்றுதான். 50 கிலோமீட்டர் என்று வைத்துப் பார்த்தோம். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றார். இன்னொருவர் யாரோடோ எடுத்துக்கொண்ட படத்தை வெட்டிப் போட்டிருந்தார். தோளில் வளையல் போட்ட கை மாத்திரம் மிச்சம் இருந்தது. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் ஆச்சி கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். எங்கள் கோயில் பங்காளி! அதுவும், மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கிறவர்.

"இவுக நம்மைப் பார்த்திருப்பாகளோ?"

"பார்த்திருந்தால் வெளியில் சொல்வாரா, ஆச்சி?"

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

முதலில் பேசியவர் லண்டனில் டாக்டராம். நாலாம் நாள், ஆச்சிக்கு நகை அனுப்பியிருப்பதாகவும், டில்லி விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் நிறுத்தி வைத்திருப்பதாகவும், 38,000 ரூபாய் கட்டினால் விடுவார்கள் என்றும் எழுதினார். எங்கள் ஐயா பினாங்குக் கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்தவர். அவர் பேத்தி என்ன பதில் எழுதினாள் தெரியுமா? "கொடுக்கலாம். அடமானம் என்ன வைக்கிறீங்க?" லண்டன் டாக்டர் அன்றோடு மறைந்தார். இப்படி யாருக்காவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் மறிக்க அவ்வளவு இடம் உண்டு. கல்யாணம் செய்துகொள்வதாகப் பொய் வாக்குக் கொடுத்து உறவு கொள்கிறவனுக்கு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தின் 69-ஆம் பிரிவில் பத்து வருஷம் வரை சிறை இருக்கிறது. இதையும் ஆச்சிக்குச் சொல்லி வைத்தேன்.

"திருமண இணையதளத்தில் போடக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதுவும் நம்மவர் செய்ததுதான். சென்னைக்காரரான முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் ஓரமாக இருந்த கல்யாணப் பகுதிதான் வளர்ந்து பாரத் மேட்ரிமோனி ஆயிற்று. அவர் தம் மனைவியைக் கண்டதும் அதன் மூலந்தான். ஆனால் ஆச்சி ஒப்பவில்லை. "அதிலே போட்டா நாளைக்கே சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோகும். முதல்லே ஒரு மனுஷரோட பேசிப் பார்க்கணும். கல்யாணம் அப்புறம்" என்றாள். இதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

மதுரைக்காரர் ஒருவர் வந்தார். வயது 46. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. இரண்டு மாதம் எழுத்திலும் பிறகு முகம் பார்த்தும் பேசினார்கள். ஆச்சி அதோடு விடவில்லை. அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஆபீசுக்குப் போன் போட்டு, "சார் சீட்டிலே இருக்காகளா?" என்று கேட்டு, இருக்கிறார் என்றதும் வைத்துவிட்டாள்.

சந்திப்பதற்கு அவள் சொன்ன இடம் பிள்ளையார்பட்டி. நான் அசந்துபோனேன். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். கூட்டம் இருக்கும், வெளிச்சம் இருக்கும், யாரும் கேட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு நான் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். பத்தடியில் காது கேட்காதா என்ன? அந்த மனிதர் தண்ணீர்ப் பாட்டிலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "என் மனைவி படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்க மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"எடுக்க வேண்டாம்" என்றாள் ஆச்சி. "பக்கத்திலே இன்னொரு ஆணி அடிக்க இடம் இருக்கா?"

அவர் சற்று யோசித்து, "இருக்கிறது" என்றார்.

மகளுக்குச் சொல்லியாயிற்று. அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆத்தாளின் படம் நன்றாக இல்லை என்று வேறு படம் எடுத்துக் கொடுத்தாள். அப்பத்தா விஷயந்தான் பாக்கி. வெளியில் மணந்தால் கோயிலில் புள்ளி கிடையாது என்பது பழைய கட்டு. அப்பத்தாவுக்கு 86 வயசு. இந்த வீட்டின் புள்ளிக் கணக்கு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். மதுரைக்காரர் 9 கோயிலில் எந்தக் கோயிலும் இல்லை.

"நீதான் சொல்லணும். பத்திரிகையிலே எழுதறவ, கோத்துச் சொல்லுவே" என்கிறாள் ஆச்சி. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்கு ரயிலில் இடம் போட்டிருக்கிறேன்.