உணவின் கட்டளை

மன்னார்த் தீவின் வடகரையிலே அமைந்த பேசாலை, கடலை நம்பி வாழும் ஊர். சோறும் மீனும் அங்கு அன்றாட உணவு. வயிற்றிற் சமிபாடடைவதோடு அவ்வுணவின் பணி முடிந்துவிடுவதில்லை. ஈரற் கலங்களிலுள்ள பரம்பரையலகுகளுக்கு அது கட்டளையும் இடுகின்றது.

பாலிலுள்ள இலற்றோசு கிடைக்கும்போது மட்டும் பற்றீரியா அதனை உடைக்கும் நொதியத்தை மிகுதியாக ஆக்குவது எவ்வாறென்பதைப் பிரான்சிய அறிஞர் ஜேக்கப், மொனோ ஆகியோர் 1961இல் விளக்கினர். முலையூட்டிகளில் இவ்வொழுங்கு மேலும் சிக்கலானது. சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் கலந்ததும் இன்சுலின் சுரக்கின்றது. இவ்விரண்டும் தத்தம் வழியே, கொழுப்பமிலங்களைத் தொகுக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றன. இரவெல்லாம் உண்ணாது வலையிழுப்பவனின் ஈரலிலோ குளுக்ககன் மேலோங்குகின்றது. அப்பரம்பரையலகுகள் அடங்க, குளுக்கோசைப் புதிதாக ஆக்கும் நொதியங்களுக்குரியவை விழித்தெழுகின்றன.

மீனுக்கும் இதிற் பங்குண்டு. மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள், சோறு தூண்டும் அதே பரம்பரையலகுகளின் செயலைத் தணிப்பதை எலிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

போர்க்காலத்தில் வடபுலக் கடற்றொழிலுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. 1990இல் இடம்பெயர்ந்தோர்க்கென ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் பேசாலையிலும் நிலையம் அமைத்தது. இத்தகைய காலங்களில் மீன் அருகிச் சோறு மட்டும் எஞ்சுமாயின், மாறுவது நாவின் சுவை மாத்திரமன்று. கலத்தினுள் நொதியங்களின் சமநிலையும் மாறக்கூடும். பரம்பரையலகைப் பெற்றோர் தருகின்றனர். அது எப்போது பேசும், எப்போது மௌனிக்கும் என்பதிலோ தட்டிற் கிடைக்கும் உணவுக்கும் பங்குண்டு. ஆதலின் மீனவனின் கடலுரிமை அவன் பிள்ளைகளின் உடல்நலத்தோடும் பிணைந்ததாகும்.