கன்னிமாராவில் ஓர் எவர்சில்வர் தூக்கு!

ஒரு கேள்வி ஃப்ரெண்ட்ஸ். அப்பா, அம்மாவோட வெளியே போகும்போது, யாரோ பார்க்கிறாங்கன்னு ரெண்டடி தள்ளி நின்னிருக்கீங்களா? பொய் சொல்லாதீங்க. நான் நின்னிருக்கேன். அதுவும் எங்கே... சென்னை கன்னிமாரா ஹோட்டல் லாபியில!

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். தாமல். சென்னையிலிருந்து பெங்களூரு போற ஹைவேஸ்ல, காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டி சத்திரத்தைத் தாண்டினா, ரோட்டை ஒட்டியே கடல் மாதிரி ஒரு ஏரி வரும். அதுதான் எங்க ஊர். பஸ்ல தூங்கிட்டே கடந்திருப்பீங்க, பரவாயில்லை. அப்பா பட்டு நெசவு. அம்மா அவருக்கு அசிஸ்டென்ட் (இப்படி எழுதினதுக்கு வீட்டுல எனக்கு இருக்கு). அக்கா சென்னையில ஐ.டி. கம்பெனி. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம், கையில ரெண்டு அரியர்.

அப்பா, அம்மாவோட 25-வது கல்யாண நாளுக்கு அக்கா ஒரு குண்டு போட்டா. போனஸ் பணத்துல கன்னிமாராவில் ஒரு ராத்திரி, நாலு பேரும்! வாடகையைக் கேட்டுட்டு அப்பா மனசுக்குள்ளே புடவைக் கணக்குப் போட்டார். ரெண்டு முகூர்த்தப் புடவை நெய்யற கூலி. “தூங்கறதுக்கா?”ன்னு மட்டும் கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு வாரம் படிச்சு, கார்ல போகும்போது அள்ளி விட்டேன். 1854-ல் இது இம்பீரியல் ஹோட்டல். நடத்தினவர் திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார். 1886-ல் ஆல்பனின்னு பேர் மாறிச்சு. 1890-ல் கன்னிமாரா. அப்போதைய மெட்ராஸ் கவர்னரோட பேர் அது. எழும்பூர்ல நாம அரியருக்குப் படிக்கிற லைப்ரரிக்கும் அவர் பேர்தான், அது திறந்தது 1896-ல். அடுத்த வருஷமே, அதாவது 1891-ல், ஸ்பென்சர் கம்பெனி ஓக்ஷாட் ஹோட்டலை வாங்கிட்டார். 1937-ல் ஆர்ட் டெகோ பாணிக்கு மாத்தினாங்க. 1970-கள்ல இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா வந்து நீச்சல் குளத்துப் பக்கம் புதுசா கட்டினார். கடைசியா பெரிய ரிப்பேர் எல்லாம் முடிச்சு 2018-ல் திறந்தாங்க.

அம்மா தூங்கிட்டாங்க. அதனால மசாலாவைச் சேர்த்தேன். கவர்னர் மேல கோவிச்சுட்டு அவரோட மனைவி லேடி சூசன் இந்த ஹோட்டல்ல வந்து தங்கிட்டதா மெட்ராஸ்ல ஒரு பழைய கதை உலவுது. கதை எப்படியோ, 1890-ல் அவங்களுக்கு விவாகரத்து ஆனது நிஜம். அம்மா டக்குனு கண்ணைத் திறந்து, “கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு நல்ல எடம்தான்”னாங்க.

அப்பாவுக்கு மாட்டினது வேற. ஹோட்டல் இருக்கிறது பின்னி ரோடுன்னு சொன்னதும் திரும்பினார். “பின்னின்னா... பெரம்பூர் பின்னி மில்லு பின்னியா?” அட, ஆமாம்! ஜான் பின்னி பேர்லதான் அந்த ரோடு. அவர் வழியில வந்த கம்பெனிதான் மில். ஒரு வாரம் படிச்சும் எனக்குத் தோணலை. “என் ஸ்கூல் டிராயரு பின்னி காக்கி. கிழியவே கிழியாது. 96-ல மூடிட்டானுங்களேடா...” ஹோட்டல் வாசல் வர்ற வரைக்கும் அப்பா பேசினது அந்தக் காக்கியைப் பத்தித்தான்.

இப்ப லாபி. வெள்ளை உயரம், பளபளா தரை, யாருமே சத்தமா பேசாத ஒரு அமைதி. அம்மா கையில ஒயர் கூடை, அதுக்குள்ளே எவர்சில்வர் தூக்கு. தூக்குல புளியோதரை. கார்லயே வெச்சிடுங்கன்னு நான் கெஞ்சினதை அவங்க காதுலயே வாங்கலை. அக்கா கவுன்டர்ல பேசிட்டிருந்தா. எனக்கு எல்லாரும் அந்தத் தூக்கையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு. மெதுவா நகர்ந்து ஒரு தூண் பக்கம் போய் செல்போனை நோண்ட ஆரம்பிச்சேன்.

நிமிர்ந்து பார்த்தா, பகீர்! ஏதோ கல்யாண கோஷ்டி உள்ளே வந்துட்டிருக்கு. நடுவுல வயசான ஒரு அம்மா, அரக்கு கலர் பட்டுப் புடவையில. எங்க அப்பா அந்தப் புடவையை வெச்ச கண் வாங்காம பார்த்துட்டு நிக்கறார். அந்த அம்மாவும் கவனிச்சுட்டாங்க. போச்சுடா, மானம் போச்சுன்னு நினைச்சேன்.

அவங்க நேரா வந்து, “என்ன பார்க்கறீங்க?”ன்னு கேட்டாங்க. கோபமா இல்லை. அப்பா துண்டை இடுப்புக்கு இறக்கிட்டு, “கோர்வைம்மா. தாழம்பூ ரேக்கு. தப்பா நினைக்காதீங்க, முந்தி சேர்ற எடத்தைக் கொஞ்சம் காட்ட முடியுமா?”ன்னார். அவங்க சிரிச்சுட்டே முந்தானையைத் திருப்பிக் காட்டினாங்க. அப்பா தொடலை. குனிஞ்சு பார்த்தார். “பேட்னி போட்டிருக்காங்க. பழைய கை.” அது அவங்க மாமியார் புடவையாம்.

உங்களுக்கு கோர்வைன்னா என்னன்னு தெரியுமா? தறி இருக்கிற வீட்டுல பிறந்தும் எனக்கே அன்னிக்குத்தான் முழுசா உறைச்சது. உடல் ஒரு கலர், ரெண்டு பக்க பார்டர் வேற கலர். மூணு நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலையும் பார்டர் நூலையும் கோத்துப் பின்னணும். ஒருத்தரால முடியாது. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து அந்தப் பக்க நாடாவைப் போட்டுத் தரணும். முந்திக்கு வேற கலர்னா, பாவு இழை ஒவ்வொண்ணையும் புது இழையோட மாட்டி இழுக்கணும், அதுதான் பேட்னி. 25 வருஷமா எங்க வீட்டுல அந்தப் பக்க நாடா அம்மா கையில.

அந்த அம்மா சுத்திப் பார்த்துட்டு, “நீங்க தனியாவா வந்தீங்க?”ன்னு கேட்டாங்க. அப்பா என்னைத் தேடினார். தூணுக்கும் அவருக்கும் நடுவுல ஏழெட்டு அடிதான். நான் செல்போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அப்பா என்னைப் பார்த்துட்டார். “பொண்ணு கூட்டிட்டு வந்திருக்கும்மா”ன்னு சொல்லிட்டார்.

ரூம்ல நடந்த காமெடி தனி. எதிர்கால மெக்கானிக்கல் இன்ஜினீயருக்கு ஷவர் குழாய்ல வெந்நீர் எந்தப் பக்கம்னு தெரியலை, அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. அப்பா மெத்தை விரிப்பை ரெண்டு விரலால நசுக்கிப் பார்த்து, “நல்ல நூல்”னு சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்.

ராத்திரி வெளியே சாப்பிட்டு வந்தும் பத்து மணிக்கு எல்லாருக்கும் பசி. கார்ப்பெட்ல உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம். அதிகமா தின்னது யாருன்னு நான் சொல்லணுமா? அப்பதான் அக்கா ஆரம்பிச்சா. “அப்பா, போதும்பா. தறியை நிறுத்திடுங்க. தறிக்குழில கால் தொங்கப்போட்டே முட்டி போயிடுச்சு. ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க.”

எனக்கு அப்பதான் புரிஞ்சது. ரூமு, கட்டிலு, எல்லாமே இதுக்கு பில்டப்!

“இதைச் சொல்றதுக்கா பாப்பா இம்மாஞ் செலவு? வீட்லயே சொல்லியிருக்கலாமே”ன்னார் அப்பா. “பாவுல இன்னும் ரெண்டு புடவை இருக்கு. அதை அறுத்துட்டுப் பார்க்கலாம். நெய்யாம நான் அங்க என்னா பண்றது?”

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். அம்மா தூக்கை மூடிக்கிட்டே சொன்னாங்க, “அவரை மட்டும் கேக்கறே. என்னை யாரும் கேக்கலையே. பத்து வருஷமா எனக்கு இடுப்பு நோவுது. நான் நிறுத்திக்கறேன்.”

யாரும் பேசலை. ஏ.சி. சத்தம் மட்டும். அப்பா அம்மாவையே பார்த்துட்டிருந்தார். “சொல்லவே இல்லையே நீ”ன்னார். “நீங்க நாடாவைத்தானே பார்ப்பீங்க”ன்னு அம்மா எழுந்து கை கழுவப் போயிட்டாங்க.

காலையில எனக்கு முழிப்பு வந்தப்ப மணி அஞ்சு. அப்பா ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்தேன். லாபி விஷயம் பேசணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. “குளிச்சிட்டியா?”ன்னு கேட்டார். “இல்லப்பா”ன்னேன். அவ்வளவுதான் பேசினோம். கிளம்பும்போது ஒயர் கூடையை நான் வாங்கிக்கிட்டேன். காலித் தூக்கு, கனமே இல்லை.

இது நடந்து மூணு மாசம் ஆச்சு. அந்தப் பாவு முடிஞ்சுது. போன வாரம் ஊருக்குப் போனேன். திண்ணையில இருந்தே தறிச் சத்தம் கேட்டுச்சு, ஆனா வேற மாதிரி. உள்ளே போனா, புதுப் பாவு பிணைச்சு ஏத்தியிருக்கார் அப்பா. கோர்வை இல்லை. பார்டர் இல்லாத புடவை. ஒரே நாடா, ஒரே ஆள். கூலியும் கம்மிதான். பக்கத்துல அம்மா உட்கார்ற இடத்துல ரேடியோ பாடிட்டிருந்துச்சு.

அம்மா அவருக்குப் பின்னாடி நின்னு டீயை ஆத்திக்கிட்டே எட்டிப் பார்த்தாங்க. “கரை லூஸா விழுது, பார்த்துப் போடுங்க”ன்னாங்க.