அரக்கோணத்தில் ஒரு கப்பல்

அரக்கோணத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. பெயர் ஐஎன்எஸ் ராஜாளி. அதில் வேலை பார்ப்பவர் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். உச்சிப்புளியில் இன்னொன்று, ஐஎன்எஸ் பருந்து. எங்கள் நெல்லைச் சீமையில் விஜயநாராயணத்துப் பொட்டல் காட்டில் மூன்றாவது, ஐஎன்எஸ் கட்டபொம்மன். முதல் இரண்டும் விமானத் தளங்கள். கட்டபொம்மன், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் வானொலி நிலையம். மூன்றும் மிதக்காது. ஆனாலும் ஐஎன்எஸ் என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல் என்றுதான் பொருள்.

இது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கம். அவர்களுடைய பழைய கடற்படைச் சட்டம், ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் இருக்கிறவனைத்தான் கட்டுப்படுத்தும். கரையில் இருக்கும் ஆளையும் அந்தச் சட்டத்துக்குள் இழுத்துப் போட, கட்டடத்தையே கப்பல் என்று பதிந்துவிட்டார்கள். குமாஸ்தா மூளை. ஆனால் அதிலிருந்து ஒரு முழு மொழியே முளைத்தது.

ஒடிசாவில் சிலிகா ஏரிப் பக்கம் இருக்கும் ஐஎன்எஸ் சில்காவும் இப்படி ஒரு கட்டடக் கப்பல்தான். 1980இல் தொடங்கியது. கடற்படையில் மாலுமியாகச் சேர்கிறவன் முதலில் போய் இறங்கும் இடம். என் பெரியப்பா மகனான அண்ணன் எண்பதுகளின் நடுவில் அங்கே பயிற்சி எடுத்தார். அக்காள் மகன் அக்னிவீரனாகச் சேர்ந்து, சென்ற ஆண்டு அதே வாசலில் போய் நின்றான். அவன் லீவில் வந்தபோது இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு, வீட்டில் வேறு யாருக்கும் விளங்கவில்லை.

சில்காவில் தரை கிடையாது, டெக். சுவர் கிடையாது, பல்க்ஹெட். சமையல்கட்டு கேலி. கழிப்பறை ஹெட்ஸ், பாய்மரக் கப்பலின் தலைப்பக்கத்தில் மாலுமிகள் ஒதுங்கிய காலத்துப் பெயர். ஒலிபெருக்கியில் வருவது அறிவிப்பு இல்லை, பைப். தேநீர் இடைவேளை ஸ்டாண்ட் ஈசி. அரைநாள் விடுப்புக்கு மேக் அண்ட் மெண்ட் என்று பெயர், கிழிந்த சட்டையைத் தைத்துக்கொள்ளத் தந்த மத்தியானம். இன்று அந்த மத்தியானத்தில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறவர்கள் லிபர்ட்டிக்காக வரிசையில் நிற்க வேண்டும். செருப்புக் கடைக்கு நடந்து போனாலும் ‘கரைக்குப் போகிறேன்’ என்றுதான் பேச்சு. நேரம் தவறித் திரும்பினால் அட்ரிஃப்ட், அதாவது கயிறு அறுந்து மிதந்து போனவன். பையன் கல்யாண வீட்டுப் பந்திக்குத் தாமதமாக வந்தபோது அண்ணன் கேட்டார்: “ஏல, சாப்பாட்டுக்குமா அட்ரிஃப்ட்டு?” பையன் அனிச்சையாக விறைத்து நின்றான். அக்காள்தான் தலையிலடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் வெறும் வேஷம் என்று நினைத்திருந்தேன். இடது, வலது விஷயத்தில்தான் அண்ணன் என்னை மடக்கினார். இருட்டில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரில் ஒருவனுடைய இடது மற்றவனுக்கு வலது. போர்ட் என்றால் அது கப்பலின் இடது. எவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாது. அதற்கு முன்னால் இடப்பக்கத்துக்கு லார்போர்ட் என்று பெயர். புயல் இரைச்சலில் ஸ்டார்போர்ட் என்பதோடு குழம்பியது என்று 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை விலக்கியது. ஒரு சொல் சரியாகக் கேட்காமல் கப்பல் மோதலாம். அதனால்தான் வாய் பழகும்வரை கட்டடத்திலேயே டெக், டெக் என்று சொல்ல வைக்கிறார்கள்.

எங்கள் கரையோரப் பையன்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. கப்பலின் முன்பக்கத்துக்கு அணியம் என்று அவர்களுக்குப் பாட்டன் காலத்திலேயே சொல் இருக்கிறது. சுக்கான் இருக்கிறது. வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் இருக்கிறது, நீரோட்டத்துக்கு நீவாடு இருக்கிறது. தூத்துக்குடித் தோணியை ஓட்டும் தண்டலுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்பட்டதில்லை. அந்தச் செல்வம் அத்தனையையும் சில்கா வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அவனும் ‘பல்க்ஹெட்’ என்று எழுத்துக்கூட்ட வேண்டும்.

ஆனால் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் அரியானாப் பையனும் எழுத்துக்கூட்டத்தான் வேண்டும். அவன் கடலையே பார்த்திருக்க மாட்டான். இந்தச் சொற்கள் இருவருக்கும் தாய்மொழி இல்லை. அந்த மட்டில் அது சமபந்தி. பலகையில் எழுதிப்போட்ட மொழியில் யாரும் யாருக்கும் மேலே இல்லை.

பாரக்கில் பேசும் மொழிதான் வேறு. அது இந்தி. அண்ணன் அங்கே கற்ற முதல் இந்திச் சொல் ‘ரக்டா’. தேய்ப்பது என்று அகராதி சொல்லும். மைதானத்தில் குட்டிக்கரணம் போட்டு உருள்வது, தவளைபோல் தாவுவது, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முதுகு சொல்லும். ஒருவன் செய்த தப்புக்கு மொத்தக் கூட்டத்துக்கும் ரக்டா உண்டு. இந்தி தெரிந்தவன் வாத்தியார் கத்தியதும் உருண்டுவிடுவான். தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஒரு நொடி பிந்தி உருள்வான். அந்த ஒரு நொடிக்கு இன்னொரு ரக்டா.

ஏய்ப்புகளும் உண்டு. அண்ணன் பயிற்சி முடித்துக் கப்பலுக்குப் போன புதிதில், ஸ்டார்போர்ட் விளக்குக்குப் பச்சை எண்ணெய் வாங்கி வா என்று ஒரு மூத்தவர் அனுப்பினாராம். அந்த விளக்கில் கண்ணாடிதான் பச்சை. இவர் டப்பாவோடு ஸ்டோர் ஸ்டோராக அலைந்திருக்கிறார். மறுநாளிலிருந்து இவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்களாம். அடுத்த வருஷம் வந்த புதுப்பையனை எண்ணெய்க்கு அனுப்பியது இவர்தான்.

ரக்டாவையும் எண்ணெயையும் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறப்பை இழுத்து ஒருவர் திட்டிய வசவை மட்டும் சிரிக்காமல் சொன்னார். அந்தக் கோடு சின்னதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் பம்பாயில் எச்எம்ஐஎஸ் தல்வார் என்ற கரைக்கப்பல் ஒன்று இருந்தது. சமிக்ஞைப் பயிற்சிப் பள்ளி. அதன் தளபதி ஃபிரெடரிக் கிங், இந்திய மாலுமிகளைப் பிறப்பைச் சொல்லி ஏசினார். புகார் கொடுத்தும் பலனில்லை. உண்ண முடியாத சாப்பாடும் சேர்ந்துகொள்ள, 1946 பிப்ரவரி 18 அன்று வேலை நிறுத்தம் அங்கேதான் வெடித்தது. சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் அது பரவியது.

இப்போது நிறைய மாறிவிட்டது. கடற்படைக் கொடியிலிருந்து பிரிட்டிஷ் சிலுவை 2022இல் போனது. துப்புரவுப் பிரிவுக்கு இருந்த ‘டோப்பாஸ்’ என்ற பெயர் போய் ‘ஹைஜீனிஸ்ட்’ வந்தது. 2023 மார்ச்சில் சில்காவிலிருந்து வெளியேறிய முதல் அக்னிவீரர் அணி சுமார் 2,600 பேர். அதில் 270க்கு மேல் பெண்கள். பாரக்கின் பேச்சில் இனி அவர்கள் பங்கும் இருக்கும். அது நல்லதற்குத்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ சில்காவுக்குக் கிளம்பினால், டெக், பல்க்ஹெட் எதையும் முன்கூட்டி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அதை அங்கிருப்பவர்களே பதமாகக் கற்றுத் தந்துவிடுவார்கள். மொழிக்கொள்கையைக் கொஞ்ச நாள் திண்ணையில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் பேச்சு இந்தி பழக்கி அனுப்புங்கள். அந்த ஒரு நொடியாவது மிச்சமாகும்.