சிடியும் அதன் டப்பாவும்



வீட்டில் பழைய பாட்டு சிடி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடி மாதிரி டப்பா பாலிஸ்டைரீன். உள்ளே இருக்கும் தட்டு பாலிகார்பனேட், 1953இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கியது. இரண்டுமே பாலிமர் கண்ணாடிகள்தான்; நீளமான சங்கிலி மூலக்கூறுகள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு அப்படியே உறைந்தவை. ஆனால் டப்பா கைதவறினாலே மூலை போய்விடும். தட்டு நன்றாக வளைந்து கொடுக்கும். (யாரும் வளைத்துப் பார்க்க வேண்டாம், உடைந்தால் சில்லு கண்ணில் தெறிக்கும்.)

10 செ.மீ. பாலிஸ்டைரீன் பட்டையை இழுத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீள்வதற்குள் அறுந்துவிடும். பாலிகார்பனேட் ஓரிடத்தில் கழுத்துபோல் ஒடுங்கி, இருமடங்கு நீளம்கூடப் போகும். இத்தனைக்கும் பாலிகார்பனேட்டின் சங்கிலிதான் விறைப்பானது! விறைப்பானது முறியும் என்றுதானே நினைப்போம்? வளைகிற சங்கிலி தனக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். விறைத்த சங்கிலி நீட்டி நின்று, பக்கத்துச் சங்கிலிகள் பலவற்றோடு சிக்கிக்கொள்ளும். காசிமேட்டில் வலை பார்த்தவர்களுக்குப் புரியும்: இது கண் சிறுத்த வலை. ஓரிடம் கொஞ்சம் நீண்டதும் இறுகிக்கொண்டு, பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். கண் பெருத்த வலையில் அந்த ஓரிடமே நீண்டு நீண்டு அறும்.

வகுப்பில் பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்து விளையாடியவர்களுக்கு அதில் விழும் வெள்ளைக் கோடு நினைவிருக்கும். (யார் யார் என்று எனக்கும் நினைவிருக்கிறது.) அதற்கு 'கிரேஸ்' என்று பெயர். அது இன்னும் விரிசல் இல்லை. தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய இழைகள் இரு கரையையும் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. இழைகள் அறுந்தால்தான் விரிசல்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் பார்க்க வந்த ஒரு பழைய மாணவனின் ஹெல்மெட். எண்ணூர் பக்கம் வேலை. வைசர் ஸ்குரூவைச் சுற்றி மெல்லிய கோடுகள். "தின்னர்ல துடைச்சா பளிச்னு ஆயிடும் சார்" என்றான். வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட். வளைத்துத் திருகி மாட்டியிருப்பதால் அதில் எப்போதும் ஓர் இழுவிசை இருக்கிறது. தின்னரோ பெட்ரோலோ சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடியைத் தளர்த்தினால், அத்தனை உறுதியான பொருளும் சிடி டப்பா மாதிரி உடையும். அதுவும் முகத்துக்கு நேராக.

நம் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர்களும் பட்டறையில் வேலை செய்பவர்களும் அதிகம். தின்னர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். ஸ்குரூ ஓரத்தில் கோடு தெரிந்தால் வைசரை மாற்றிவிடுங்கள். அவன் மாற்றிவிட்டான், போட்டோ அனுப்பியிருக்கிறான்.