சர்வர் எழுதும் நாட்குறிப்பு

மதியம் இரண்டு மணிக்கு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஏ ஷிப்ட் வெளியே வரும், பி ஷிப்ட் உள்ளே போகும். இங்கே பல ஆலைகளில் ஒரு நாள் என்பது காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று துண்டு.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா (2014-ல் மூடியும் ஆயிற்று), 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி சீட், ஒயரிங், ரப்பர், பிளாஸ்டிக் என்று செய்து கொடுக்கும் சின்ன ஆலைகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கார் கம்பெனிகள் பாகங்களைக் குவித்து வைத்துக்கொள்வதில்லை. வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு லாரியில் வர வேண்டும். வராவிட்டால் லைன் நிற்கும். லைன் நின்றால் சப்ளையர் தலையில் டெபிட் நோட் விழும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு டெபிட் நோட் என்றால் ஒரு ஜர்னல் என்ட்ரி. அங்கே அது யாரோ ஒருவருடைய வேலை.

கற்பனையாக அப்படி ஒரு சின்ன ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்ட ஒரு குட்டி அறை, அதில் ஒரு சர்வர். பார்கோடு லேபிள் அடிப்பது அதுதான். லேபிள் இல்லாத பெட்டியை வாங்குகிறவர் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மதியம் 1:57-க்கு சர்வர் மூன்று நிமிடம் திணறுகிறது. பிறகு தானே சரியாகிவிடுகிறது. ஆனால் பிரிண்டருக்குப் போன லேபிள்கள் வரிசை கலைந்து, அதைப் பிரித்து அடுக்கவே நாற்பது நிமிடம் ஓடிவிடுகிறது. லாரி லேட். டெபிட் நோட் வருகிறது. "ராத்திரி ஷிப்ட்ல இருந்த கான்ட்ராக்ட் பையன் எதையோ மாத்திட்டான்" என்று ஒரு பேச்சு கிளம்புகிறது.

அந்தப் பையன் தன் பக்கம் பேச ஒரே ஒரு சாட்சியைத்தான் கூப்பிட முடியும். சர்வர் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு.

லினக்ஸ் சர்வர்களில் இந்த வேலைக்கு சிஸ்ஸ்டாட் என்று ஒரு தொகுப்பு உண்டு. எழுதி வைத்ததைப் படித்துக் காட்டும் கட்டளையின் பெயரே மரியாதையாக 'சார்' (சிஸ்டம் ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டர் என்பதன் சுருக்கம், வேறு எதுவும் இல்லை :-)). குறித்த நேரத்தில் அதை எழுப்பி விடுவது, 1970-களிலிருந்து யூனிக்ஸில் இருந்துவரும் கிரான். இன்று பல சர்வர்களில் கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் இருக்கும், வேலை ஒன்றுதான். கிரானுக்கு ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. "*/10 * * * *" என்று எழுதினால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. வழக்கமாக அமைந்து வருவதும் இந்தப் பத்து நிமிடம்தான். ஒரு நாளைக்கு 144 வரிகள். நிறைய பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் கோளாறு. பிராசசர் எவ்வளவு உழைத்தது என்ற கணக்கு இதில் ஈபி மீட்டர் மாதிரிதான் எடுக்கப்படுகிறது. ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், போன ரீடிங்கைக் கழிக்கிறார், யூனிட்டை எழுதுகிறார். இடையில் எந்த நாள் கல்யாண வீட்டு விளக்கு எரிந்தது, எந்த நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்று அட்டையில் இருக்காது. சர்வரும் அப்படியே. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் 100 சதவீதம், மீதி ஏழு நிமிடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், குறிப்பில் விழும் சராசரி 37. மணிக்கு ஒரு முறை எடுக்கிற ஆலையாக இருந்தால் 14.5. இரண்டையும் பார்க்கிற மேனேஜர் என்ன சொல்வார்? "சர்வர் நல்லாத்தான் இருந்திருக்கு. ஆள்தான் தப்பு."

குறிப்பு பொய் சொல்லவில்லை. கேட்ட இடைவெளிக்கு ஏற்ற பதிலைச் சொல்லியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்திருந்தால் 1,440 வரிகளில் இரண்டு மூன்று வரிகளாவது 100-ஐத் தொட்டு நின்றிருக்கும், பையன் தப்பித்திருப்பான். அதற்காக ஆகும் கூடுதல் டிஸ்க் இடம், இன்றைய விலைக்குக் கணக்கில் எழுதவே தேவையில்லாத தொகை. (மெமரி போன்ற சில அளவுகள் சராசரி கிடையாது, அந்த நொடியில் எடுத்த போட்டோ. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து இருப்பதால் படிக்கிறவர்கள் குழம்புவது உண்டு.)

சரி, 1:57-க்கு அந்த சர்வர் ஏன் திணற வேண்டும்? பெரும்பாலும் காரணம் அல்பமாகத்தான் இருக்கும். மனிதர்களுக்கு முழு எண் பிடிக்கும். பேக்கப் எடுப்பவர் 2 மணி என்று போடுவார், ரிப்போர்ட் அனுப்புபவரும் 2 மணி, வைரஸ் ஸ்கேன் வைத்தவர் கொஞ்சம் விவரமாக யோசித்து 1:55. அதே நேரத்தில் ஷிப்ட் மாறி, நூற்றுக்கணக்கானவர்கள் விரல் வைத்து வருகைப் பதிவு செய்வார்கள். எல்லாம் ஒரே சர்வர் தலையில். நிமிடக் கட்டத்தில் 0 போடாமல் 7, 23, 41 என்று ஏதாவது போட்டாலே பாதித் தலைவலி போய்விடும்.

அடுத்தது தேதி. சிஸ்ஸ்டாட் ஒரு நாளைக்கு ஒரு கோப்பு எழுதும், நள்ளிரவில் புதுக் கோப்பு. இரவு 10-லிருந்து காலை 6 வரை ஓடும் சி ஷிப்ட் இரண்டு கோப்புகளில் பிரிந்து விழும். "நேற்று ராத்திரி" என்று கேட்டால் ஒரு கோப்பை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்வரின் கடிகாரம் யூடிசி-யில் இருந்தால் அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5:30. கிட்டத்தட்ட ஷிப்ட் நாள் தொடங்கும் நேரத்தில் கோப்பும் தொடங்கும். ஆலைக்கு அதுவே வசதி, ஆனால் வாசிக்கும்போது ஒவ்வொரு நேரத்தோடும் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேறு கண்ணிகள். அங்கே டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை உருவாக்கினால், 'பயனர் லாகின் செய்திருக்கும்போது மட்டும் ஓட்டு' என்பதுதான் முதலில் தேர்வாகியிருக்கும். இன்ஜினியர் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும்போது அருமையாக ஓடும். அவர் லாக் ஆஃப் செய்துவிட்டுப் பஸ் ஏறியதும் நின்றுவிடும். மறுநாள் வந்து லாகின் செய்ததும் மறுபடி ஓடும். ஆக, அவர் பார்க்கும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்!

இந்த மாதிரி இடைவெளிகளைக் கண்டுபிடிக்க ஜிஎஸ்டி நல்ல உதாரணம். ஒரு மாதம் வியாபாரமே இல்லை என்றாலும் ஜிஎஸ்டிஆர்-3பி-யில் நில் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் லேட் ஃபீஸ். 'பூஜ்யம்' என்று எழுதிக் கொடுப்பதும், எதுவுமே எழுதாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் புரிந்து வைத்திருக்கிறது. சர்வர் அறைகளில் அது புரிவதில்லை. குறிப்பு வராத நேரத்தைச் சில வரைபடங்கள் பூஜ்யமாகக் காட்டும், சில முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து மறைத்தே விடும். அதனால் தகவல் எடுக்கும் வேலை ஒவ்வொரு முறை முடிந்ததும் 'வந்துவிட்டேன்' என்று இன்னொரு கணினிக்கு ஒரு சொல் அனுப்ப வேண்டும். அந்தச் சொல் வராதபோது அந்த இன்னொரு கணினிதான் கத்த வேண்டும். செத்த சர்வர் தானே வந்து சொல்லாது.

தகவல் எடுக்கும் வேலையே சர்வரைக் கவிழ்ப்பதும் உண்டு. நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க் ஒன்று துண்டித்துப் போயிருக்கும்போது, இடம் எவ்வளவு மீதி என்று கேட்கும் கட்டளை பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். நிமிடத்துக்கு ஒன்றாக கிரான் புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். முதல் ஆள் திரும்பி வராமல் இரண்டாவது ஆளை உள்ளே விடக் கூடாது என்பதற்கு எஃப்லாக் என்ற சின்னக் கட்டளை இருக்கிறது.

எல்லாமே நிமிடக் கணக்கில் எடுக்க வேண்டியவை அல்ல. எந்தக் கணினியில் எந்தப் பாதுகாப்புத் திருத்தம் ஏறியிருக்கிறது என்பதை வாரம் ஒரு முறை எடுத்தால் போதும். ஆனால் எடுக்க வேண்டும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. அந்த வார இறுதியில் பாதிக்கப்பட்ட ஆலைகளில் ஒரகடத்தில் இருந்த ரெனோ-நிசான் கூட்டு ஆலையும் ஒன்று. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள். வாரம் ஒரு முறை பட்டியல் எடுக்கும் எந்த ஆலைக்கும் எட்டு முறை எச்சரிக்கை வந்திருக்கும். அதற்காக பேட்ச் போடுவது எளிது என்று சொல்லிவிட முடியாது, ஓடுகிற லைனை நிறுத்திவிட்டு கணினியை ரீஸ்டார்ட் செய்ய எந்த புரொடக்ஷன் மேனேஜரும் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார். ஆனால் எத்தனை கணினிகள் பாக்கி என்ற எண் மேஜையில் இருந்தால், சம்மதிக்க மறுப்பவர் பெயரும் அதோடு பதிவாகும்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம். சிஸ்ஸ்டாட் தானாக விட்டால், எந்த லினக்ஸ் என்பதைப் பொறுத்து, 7 நாளிலோ 28 நாளிலோ பழையதை அழித்துவிடும். டெபிட் நோட் கையில் வந்து சேர்வதற்குள் அந்த மதியத்தின் குறிப்பு போயிருக்கலாம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. கணினிப் பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும் என்பவை அதிகம் பேசப்பட்டன. கடிகாரத்தைப் பற்றிய வரியை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை: என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரோடு எல்லாக் கணினிகளும் நேரத்தை ஒத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் முதலில் செய்ய வேண்டியதே அதுதான். சர்வரில் 1:57, கேட்டில் விரல் வைக்கும் மெஷினில் 2:01, சிசிடிவி-யில் 1:49 என்று இருந்தால், பி ஷிப்ட் ஆட்கள் வந்ததால் சர்வர் திணறியதா, அவர்கள் வருவதற்கு முன்னாலேயே திணறிவிட்டதா என்று எந்தக் குறிப்பை வைத்தும் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும், சிசிடிவி பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருந்தால்.